காண்டாமிருகமும் ‘ரைனோ’வும்: மட்டக்களப்பில் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

களுவாஞ்சிகுடிப் பக்கம் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். விலங்குகளின் பெயர் படிக்கும் வாரத்தில் யானை, கரடி, முதலை எல்லாம் ஓடிவிடும். காண்டாமிருகத்துக்கு வந்ததும் வகுப்பு நின்றுவிடும். படத்தின் கீழே ‘ரைனோ’ என்று இருக்கும். அகராதியில் அதைவிட நீளமான ஒரு சொல் இருக்கும். இரண்டும் ஒன்றா, பரீட்சையில் எதை எழுதுவது, இந்த மிருகம் எங்கே இருக்கிறது, கொம்பு எதற்கு என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற பெற்றோரும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் அம்மம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர் மாடு மனே?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலும் கீழே இருக்கிறது.

ஒரே மிருகத்துக்கு ஆங்கிலத்தில் ஏன் இரண்டு பெயர்?

பெயர் ஒன்றுதான். ‘ரைநொசரஸ்’ என்பது முழுச்சொல், ‘ரைனோ’ அதன் சுருக்கம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வீட்டிலும் வீதியிலும் முழுச்சொல்லை அவ்வளவாகச் சொல்வதில்லை. சுருக்கம் 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. முழுச்சொல் அதற்குப் பல நூறு வருடம் முந்தியது.

சொல்லைச் சுருக்குவது நமக்குப் புதிதில்லை. சந்தியில் நாம் கைகாட்டி மறிக்கிற ‘பஸ்’ ஒரு காலத்தில் ‘ஒம்னிபஸ்’. ‘ரெலிபோன்’ இன்று வெறும் ‘போன்’. இந்த இரண்டிலும் வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ரைனோவில் தலை மிஞ்சியது. ‘ஹிப்பொபொட்டமஸ்’ என்ற நீர்யானையும் இப்படித்தான் ‘ஹிப்போ’ ஆனது.

பழைய ஆங்கிலக் கதைகள் வாசிக்கும் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘ரைனோ’ என்று காசைச் சொல்லும் ஒரு கொச்சை வழக்கு இருந்தது. “அவனிடம் ரைனோ இல்லை” என்று எங்காவது கண்டால் அங்கே மிருகத்தைத் தேட வேண்டாம்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கிரேக்க மொழியில் ‘ரிஸ்’, ‘ரினோஸ்’ என்றால் மூக்கு. ‘கெராஸ்’ என்றால் கொம்பு. இரண்டையும் சேர்த்தால் மூக்கில் கொம்புள்ளது.

மூக்கைக் குறிக்கும் அந்தப் பாதி நம் வீட்டிலேயே கிடக்கிறது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று தூசியை வாரி அடிக்கும்போது விடியற்காலையில் தும்மித் தள்ளுகிறவர்களின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். ‘அலர்ஜிக் ரைனைட்டிஸ்’ என்று எழுதியிருக்கும். அது மூக்கின் அழற்சி. சாதாரணத் தடிமனைக் கொண்டுவரும் கிருமிகளில் ஒன்றுக்கு ‘ரைனோ வைரஸ்’ என்று பெயர். காண்டாமிருகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மூக்குதான் சம்பந்தம்.

கொம்பைக் குறிக்கும் பாதியும் தூரத்தில் இல்லை. சலூன் பலகைகளில் ‘கெரட்டின்’ என்று பார்க்கிறோமே, நகமும் முடியும் ஆன அந்தப் பொருளின் பெயர் ‘கெராஸ்’ என்ற வேரிலிருந்தே வந்தது. டைனோசர் பைத்தியமாக இருக்கும் பிள்ளைகளிடம் ‘ட்ரைசெரடொப்ஸ்’ என்று சொன்னால் போதும், உடனே பிடித்துக்கொள்வார்கள்: மூன்று கொம்பு முகம்.

இப்போது ‘ரைனோ’ என்ற சுருக்கத்தை மறுபடி பாருங்கள். அதில் மூக்கு மட்டும்தான் இருக்கிறது. கொம்பை வெட்டிவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு இடத்தில் தேவைப்படும்.

தமிழில் ‘மூக்குக்கொம்பன்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கிரேக்கர் வைத்த பெயரை அப்படியே தமிழில் கேட்ட மாதிரி இருக்கும். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனாலும் வகுப்பில் ‘காண்டாமிருகம்’ என்றுதான் தொடங்குவேன், ஏனென்றால் வீட்டில் அம்மம்மாவுக்கும் தெரிந்த சொல் அதுதான்.

எழுத்துக்கூட்டலில் ‘எச்’ எதற்கு? அதை உச்சரிக்க வேண்டுமா?

உச்சரிக்க வேண்டாம். கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் ஆர் எழுத்துக்குப் பின்னால் ஒரு எச் ஒட்டிக்கொண்டு வரும். ‘ரிதம்’, ‘ரைம்’ என்ற சொற்களிலும் அப்படியே. ‘ரைனோ’ சுருக்கத்துக்கு ஐந்தே எழுத்து: ஆர், எச், ஐ, என், ஓ. முழுச்சொல்லில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும்: ரை-நொ-ச-ரஸ், ‘நொ’வை அழுத்துங்கள். நம் பிள்ளைகள் முதல் அசையில் அழுத்திவிடுவார்கள். தமிழில் எழுதும்போது சிலர் ‘றைனோ’ என்று எழுதுகிறார்கள். எப்படி எழுதினாலும் விளங்கும்.

பன்மை எப்படி? பரீட்சையில் சுருக்கத்தை எழுதலாமா?

ஒன்றுக்கு மேல் என்றால் ‘ரைனோஸ்’. முழுச்சொல்லின் பன்மை ‘ரைநொசரஸஸ்’. ஒருமையையே பன்மையாகவும் எழுதும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. கூட்டத்துக்கு ‘க்ராஷ்’ என்று ஒரு சொல், ஆணுக்கு ‘புல்’, பெண்ணுக்கு ‘கவ்’, குட்டிக்கு ‘காஃப்’. எல்லாம் மாட்டுக்குச் சொல்வதுதான். அம்மம்மா “எந்த ஊர் மாடு” என்று கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

சரி, பரீட்சை. கட்டுரையிலும் கடிதத்திலும் ‘ரைனோ’ தாராளமாக எழுதலாம். அந்த மிருகத்தைக் காப்பதற்கென்றே இருக்கும் உலக அமைப்புகள் கூட ‘சேவ் த ரைனோ இன்டர்நேஷனல்’, ‘இன்டர்நேஷனல் ரைனோ ஃபவுண்டேஷன்’ என்றுதான் பெயர் வைத்திருக்கின்றன. படத்துக்குப் பெயர் எழுதச் சொல்லும் கேள்வியில் மட்டும் முழுச்சொல் தெரிந்தால் அதை எழுதுங்கள். எழுத்துப் பிழைக்குப் பயம் என்றால் சுருக்கமே போதும்.

‘காண்டாமிருகம்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

வடமொழியில் இதற்கு ‘கட்க’ என்றும் ‘கண்ட’ என்றும் பெயர்கள் உண்டு. ‘கட்க’ என்றால் வாள். தெலுங்கில் ‘கட்கமிருகம்’, மலையாளத்தில் நம்மைப்போலவே ‘காண்டாமிருகம்’, ஹிந்தியில் ‘கைண்டா’. எல்லாம் ஒரே குடும்பம். அம்பாறையில் சிங்களப் பிள்ளைகளோடு படிக்கிறவர்கள் ‘கங்கவேணா’ என்று கேட்டிருப்பீர்கள். பாளி மொழியின் ‘கக்கவிசாண’ தேய்ந்து அப்படி ஆனது; அதில் ‘விசாண’ என்பது கொம்பு. “காண்டாமிருகத்தின் கொம்பைப்போலத் தனித்துத் திரி” என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு சூத்திரம் பௌத்தர்களின் சுத்தநிபாதத்தில் இருக்கிறது. கிரேக்கர் மூக்கைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம் பக்கத்தில் வாளைப் பார்த்தார்கள். கொம்பை மட்டும் யாரும் விடவில்லை.

நம் பக்கத்துப் பெயர் கடல் தாண்டிப் போன கதையும் ஒன்று உண்டு. குஜராத் சுல்தான் ஒரு காண்டாமிருகத்தைக் கோவாவில் இருந்த போர்த்துக்கேயருக்குப் பரிசாக அனுப்பினார். அவர்கள் அதைத் தங்கள் அரசனுக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். 1515 மே 20 அன்று அது லிஸ்பனில் இறங்கியது. அங்கே அதை ‘கண்டா’ என்று அழைத்தார்கள். ஜேர்மனியில் இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் அதை நேரில் பார்க்கவே இல்லை. யாரோ எழுதிய விவரத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்து மரத்தில் செதுக்கி அச்சிட்டார். உடம்பு இரும்புக் கவசம் போட்ட மாதிரி, முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு வேறு. நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பா அந்தப் படத்தையே உண்மை என்று நம்பியது.

அந்த மிருகத்துக்கு நடந்தது வேறு. போர்த்துக்கல் அரசர் அதைப் பாப்பரசருக்குப் பரிசாக மறுபடியும் கப்பலேற்றினார். 1516 தொடக்கத்தில் இத்தாலியக் கரைக்குப் பக்கத்தில் கப்பல் புயலில் உடைந்தது. இந்தியக் காண்டாமிருகம் நன்றாக நீந்தும். ஆனால் அதைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள்.

கூரைச் சீற்றுக்கு ஏன் ரைனோ என்று பெயர்? அதன் தோல் அவ்வளவு உறுதியா?

எங்கள் பகுதியில் பலர் இந்தச் சொல்லை முதலில் பார்த்தது புத்தகத்தில் இல்லை, வீட்டுக் கூரைக்கு வாங்கிய சீற்றில். உறுதிக்கு அடையாளமாக அந்தப் பெயர். ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் உறைக்காத ஆளைக் காண்டாமிருகத் தோல்காரன் என்பார்கள். நாம் எருமை மாட்டில் மழை பெய்த மாதிரி என்கிறோம்.

ஆனால் இரண்டு மிருகத்துக்கும் அந்தப் பேச்சு அநியாயம். காண்டாமிருகத்தின் தோல் தடிப்பானதுதான், சில இடங்களில் இரண்டு சென்ரிமீட்டருக்கும் மேல் இருக்கும். அதே தோல் வெயிலில் கருகும், பூச்சிக் கடியைத் தாங்காது. இந்திய வகையின் உடம்பில் தகடு தகடாகத் தெரிவது மடிப்புகள். மடிப்புக்குள் தோல் மெல்லியது, உண்ணிகள் போய் ஒட்டுவது அங்கேதான். அதனால்தான் மணிக்கணக்கில் சேற்றில் கிடக்கிறது. படுவான்கரையில் குளத்து ஓரம் உச்சி வெயிலில் எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, அதே காரணம், அதே சுகம். சேறு காய்ந்தால் பூச்சிக்கும் வெயிலுக்கும் ஒரு பூச்சு.

அப்படியென்றால் எருமைக்குச் சொந்தமா? யானைக்கா?

இரண்டுக்கும் இல்லை. குதிரைக்கும் கழுதைக்கும்தான் கிட்டிய சொந்தம், ‘டேப்பிர்’ என்ற காட்டு மிருகமும் அந்தக் குடும்பம். காலடியைப் பார்த்தால் தெரியும். எருமைக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். காண்டாமிருகத்துக்கு ஒவ்வொரு காலிலும் மூன்று விரல். இவ்வளவு பாரத்தோடு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். குதிரையின் சொந்தம் என்றதும் நம்பிவிடுவார்கள். கண் பார்வை குறைவு. மோப்பமும் காதும் கூர்மை.

எத்தனை வகை? வெள்ளைக் காண்டாமிருகம் உண்மையில் வெள்ளையா?

ஐந்து வகை. ஆபிரிக்காவில் வெள்ளை, கறுப்பு. ஆசியாவில் இந்திய, ஜாவா, சுமாத்திரா வகைகள். இந்திய வகைக்கும் ஜாவா வகைக்கும் ஒற்றைக் கொம்பு, மற்ற மூன்றுக்கும் இரண்டு. சுமாத்திரா வகைதான் எல்லாவற்றிலும் சிறியது, உடம்பில் முடி இருக்கும்.

வெள்ளை வெள்ளை இல்லை, கறுப்பு கறுப்பும் இல்லை. இரண்டும் சாம்பல் நிறம். புரண்ட சேற்றின் நிறம்தான் மேலே தெரியும். வித்தியாசம் வாயில்: வெள்ளைக்கு அகன்ற, சதுரமான உதடு, புல் மேய்வதற்கு. கறுப்புக்குக் கொக்கிபோல நீண்ட மேலுதடு, செடியின் கொழுந்தை இழுத்துக் கடிப்பதற்கு. அகலம் என்ற டச்சுச் சொல்லைப் பிழையாகக் கேட்டு ஆங்கிலேயர் ‘வைட்’ என்றார்கள் என்று பல இடங்களில் வாசிப்பீர்கள். சொல்ல நல்ல கதை. ஆனால் பழைய டச்சுக் குறிப்புகளைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ஆகவே பரீட்சையில் உறுதியாக எழுத வேண்டாம்.

இலங்கையில் காண்டாமிருகம் இருந்ததா?

இருந்தது. இதைச் சொல்லும்போது வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளில், கல்லோடு சேர்ந்து பழைய எலும்புகளும் பற்களும் வருவதுண்டு. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல அவற்றைச் சேர்த்து ஆராய்ந்தார். காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் எல்லாம் அதில் இருந்தன. காண்டாமிருகத்தில் இரண்டு வகைகளுக்கு அவர் பெயர் வைத்தார்: 1936 இல் வைத்த ஒரு பெயர் ‘சிங்களேயுஸ்’, பின்னர் வைத்த மற்றது ‘கங்கவேணா’. மேலே சொன்ன அதே சிங்களச் சொல், விஞ்ஞானப் பெயராகவே ஏறிவிட்டது.

இவை மனிதர் நெல் விதைக்கத் தொடங்குவதற்கு மிக முந்திய காலத்தவை. இன்று இலங்கைக் காடு எதிலும் காண்டாமிருகம் இல்லை. ஆகவே அம்மம்மாவுக்கு என் பதில்: “ஒரு காலத்தில் நம்ம ஊர் மாடுதான் அம்மா.”

கொம்பில் மருந்து இருக்கிறதா?

இல்லை.

ஒரு தகப்பன் இதை வாசலில் நின்று தணிந்த குரலில் கேட்டார், உறவினர் ஒருவருக்குத் தீராத வருத்தம். அதனால் விரிவாகச் சொல்கிறேன். மாட்டுக் கொம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே ஓடு, உள்ளே எலும்பு. காண்டாமிருகக் கொம்புக்குள் எலும்பு இல்லை. முழுக்கக் கெரட்டின், நம் நகமும் தலைமுடியும் ஆன அதே பொருள், நெருக்கமாக இறுகி வளர்ந்தது. நகத்தை அரைத்துக் குடித்தால் காய்ச்சல் தணியாது. கொம்பை அரைத்துக் குடித்தாலும் அதேதான்.

சீன வைத்தியத்தில் காய்ச்சலுக்கு இதைக் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1993 இல் சீன அரசு தடைசெய்து, மருந்துப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டது. யேமனில் கத்திப் பிடிக்குக் கொம்பு வாங்கினார்கள். 2000களில் வியட்நாமில் புற்றுநோய் மாறும் என்று ஒரு வதந்தி பரவியது. அதோடு தென்னாபிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்: 2007 இல் அங்கே களவாகக் கொல்லப்பட்டவை 13. 2014 இல் 1,215. ஏழு வருடத்தில். 2024 இல் 420 ஆகக் குறைந்திருக்கிறது. அப்படியும் நாளுக்கு ஒன்றுக்கு மேல்.

புற்றுநோய் வந்த வீட்டின் பதற்றம் எனக்குத் தெரியும். அந்தப் பதற்றத்தில் யாரும் எதையும் வாங்குவார்கள். அதனால்தான் கொம்பில் ஒன்றும் இல்லை என்பதைப் பிள்ளைகள் சிறு வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொம்பைக் கொல்லாமலே வெட்டி எடுக்க முடியாதா?

முடியும், செய்கிறார்கள். விற்பதற்கு இல்லை, காப்பாற்றுவதற்கு. மயக்க ஊசி போட்டு, கண்ணைத் துணியால் மூடி, அடியில் உயிர்ச்சதை தொடங்கும் இடத்துக்கு மேலே இயந்திர வாளால் அறுப்பார்கள். நகம் வெட்டுவதுபோல, வலி இல்லை. மறுபடி வளரும், ஆகவே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். களவு வேட்டைக்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் வேண்டும் என்று முகத்தோடு வெட்டி எடுத்துவிட்டுப் போவார்கள்.

தென்னாபிரிக்காவின் க்ரூகர் பகுதியில் 2017 முதல் 2023 வரை பதினொரு காப்பிடங்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2025 இல் வெளிவந்தது. கொம்பை வெட்டிய இடங்களில் களவுக் கொலை ஏறத்தாழ 78 வீதம் குறைந்திருந்தது. காவலரைக் கூட்டுவதையும் வேலியையும் நாய்களையும் விட இது அதிகம் கைகொடுத்தது.

மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ‘ரைனோ’ என்ற சொல்லில் கொம்பு இல்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் அந்த மிருகம் முழுதாகக் கண்ணில் வருகிறது. கொம்பில்லாத காண்டாமிருகமும் மேய்கிறது, குட்டி போடுகிறது, சேற்றில் புரள்கிறது. இந்திய வகை சண்டைக்கே கொம்பை நம்புவதில்லை, கீழ்த்தாடையின் கூரிய பல்லால்தான் கடிக்கும். அந்தக் கொம்பு இல்லாமல் வாழ முடியாதென்று நினைத்தது மனிதன் மட்டும்.

இப்போது எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் ஐந்து இலட்சம் என்று சொல்லப்படுகிறது. 2025 இல் வந்த கணக்கில் ஐந்து வகையும் சேர்ந்து ஏறத்தாழ 27,000. வெள்ளை 16,000 க்குச் சற்றுக் குறைவு, கறுப்பு 6,800 க்குக் கிட்ட, இந்திய வகை 4,000 ஐத் தாண்டிவிட்டது. சுமாத்திரா வகை ஐம்பதுக்கும் குறைவு. மலேசியாவில் அவ்வகையின் கடைசி ஒன்று 2019 நவம்பரில் இறந்தது.

ஜாவா வகையைப் பற்றி நான் பிள்ளைகளிடம் கொஞ்சம் நிறுத்திச் சொல்வேன். சுமார் ஐம்பதுதான். எல்லாம் ஒரே இடத்தில், ஜாவாத் தீவின் மேற்கு நுனியில் உஜுங் கூலோன் என்ற காட்டில். வியட்நாமில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்று 2010 இல் சுட்டுக் கொல்லப்பட்டது. உஜுங் கூலோனுக்கு எதிரே கடலில் எரிமலை. 2018 டிசம்பர் 22 இரவு அந்த எரிமலை சரிந்து வந்த சுனாமி அந்தக் கரையிலும் ஏறியது. காட்டின் பணியாளர்கள் இருவர் இறந்தார்கள். மிருகங்கள் அப்போது மறு பக்கக் கரையில் நின்றதால் தப்பின.

நாவலடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2004 இல் அலை எந்தத் திசையில் ஏறியது, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் என்னவெல்லாம் முடிவானது என்று நமக்குத் தெரியும். ஒரு இனம் முழுவதும் அப்படி ஒரு கரையில் நிற்கிறது. போதாததற்கு, 2019 இலிருந்து 2023 வரை அங்கே 26 காண்டாமிருகங்களை ஒரு கும்பல் கொன்றதாகப் பொலிஸ் விசாரணையில் தெரியவந்தது.

குறைந்த கணக்கு மறுபடி ஏறியதுண்டா?

உண்டு. 1900 வாக்கில் தென்னாபிரிக்காவில் வெள்ளைக் காண்டாமிருகம் நூறுகூட இல்லை. இன்றுள்ள ஆயிரக்கணக்கானவை அந்தச் சிலவற்றின் பிள்ளைகள்தான். அசாமின் காசிரங்காவை 1905 இல் காப்புக்காடாக்கும்போது அங்கே விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் 2,613. அதே அசாமில் 2021 செப்டம்பர் 22 அன்று, உலகக் காண்டாமிருக தினத்தில், அரசு சேர்த்து வைத்திருந்த கொம்புகளில் 2,479 ஐப் பொது இடத்தில் அடுக்கி எரித்தார்கள். அதற்கு விலை கிடையாது என்று ஊருக்குக் காட்டுவதற்காக.

நம் லகுகலைக் காட்டில் கொண்டுவந்து விட்டால் வாழாதா?

அம்பாறைப் பிள்ளை ஒருவனின் கேள்வி. குளம், உயரப் புல், சேறு எல்லாம் இருக்கிறதே என்றான். யோசித்துக் கேட்ட கேள்வி. இந்திய வகை பெரும்பாலும் வாழ்வது பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளிப் புல்வெளியில்தான், லகுகலைக் குளத்துப் புல்லும் பார்வைக்கு அப்படி இருக்கும்.

ஆனால் புல் மட்டும் போதாது. நம் வட்டைகளில் வேளாண்மை விளையும் காலத்தில் இரவிரவாகக் காவல் பரணில் யானைவெடியோடு இருக்கிறவர்களைக் கேளுங்கள். யானைக்கே இங்கே இடம் போதவில்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் இறந்த படம் 2022 இல் உலகம் முழுக்கப் போனது. இருக்கிற மிருகத்துக்கு வழிவிட்ட பிறகுதான் இன்னொன்றை அழைக்கலாம் என்று அவனுக்குச் சொன்னேன்.

தென்னையைத் தின்னும் வண்டுக்கும் இதே பெயர் ஏன்?

அதன் தலையிலும் ஒரு கொம்பு, பின்னோக்கி வளைந்தபடி. அதனால் காண்டாமிருக வண்டு. ஆங்கிலத்தில் வண்டுக்கு முழுச்சொல்லைத்தான் பெரும்பாலும் போடுவார்கள். தோட்டம் உள்ளவர்கள் குருத்தோலை விரியும்போது கத்தரியால் வெட்டிய மாதிரி முக்கோணமாகக் குறைந்திருந்தால் இதன் வேலை என்று அறிவார்கள். வளர்ந்த வண்டு குருத்தைத் துளைக்கும். முட்டையிடுவது உக்கும் எருக்கும்பியிலும் பட்ட தென்னங்குற்றியிலும். 1978 நவம்பர் சூறாவளியில் நம் தென்னைகள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி விழுந்த மரத்தைத் தோட்டத்தில் உக்க விட்டால் அது வண்டுக்குத் தொட்டில். குற்றியை அகற்றுங்கள், எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள், ஓட்டைக்குள் இருக்கும் வண்டைக் கொக்கிக் கம்பியால் இழுத்தெடுங்கள்.

இந்தக் காண்டாமிருகத்துக்கு அழிவு வரும் என்ற கவலை கிடையாது.

இரண்டே இரண்டு மிஞ்சியிருக்கிற வகை என்று தொலைக்காட்சியில் சொன்னார்களே, அவை தனியாகவா இருக்கின்றன?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். அது வெள்ளைக் காண்டாமிருகத்தின் வடக்குக் கிளை. கடைசி ஆண் ‘சூடான்’ 2018 மார்ச் 19 அன்று கென்யாவின் ஒல் பெஜெட்டாக் காப்பகத்தில் 45 வயதில் இறந்தது. இப்போது இருப்பவை அதன் மகள் ‘நஜின்’, நஜினின் மகள் ‘ஃபத்து’. தாயும் மகளும் ஒன்றாகத்தான் மேய்கின்றன, இரவும் பகலும் ஆயுதக் காவல். இரண்டாலும் குட்டி சுமக்க முடியாது.

ஆண்களிடமிருந்து முன்பே எடுத்து உறைய வைத்த விந்து இருக்கிறது. ஃபத்துவிடமிருந்து சினைமுட்டை எடுத்து, இரண்டையும் ஆய்வுகூடத்தில் சேர்த்துக் கருக்கள் உண்டாக்கி உறைய வைத்திருக்கிறார்கள். வயதான நஜினிடம் முட்டை எடுப்பதை 2021 இல் நிறுத்திவிட்டார்கள். தெற்குக் கிளைப் பெண் ஒன்றை வாடகைத் தாயாக்க வேண்டும். முதலில் தெற்குக் கிளைக் கருவையே வைத்துப் பார்த்தபோது அது தங்கி வளர்ந்தது. எழுபது நாள் கருவோடு அந்தத் தாய் கிருமித் தொற்றில் இறந்துவிட்டது. கரு தங்கும் என்று அதில்தான் தெரிந்தது, 2024 சனவரியில் அதை அறிவித்தார்கள்.

“குட்டி பிறந்தால் சொல்லுவீங்களா ரீச்சர்?” என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். கரு தங்கிவிட்டால் அதன் பிறகு பதினாறு மாதம்.